எல்லைக்கல்லுக்கு வைத்த சுருட்டு

என் வேலைக்குத் தொப்பி கட்டாயம். குளிருக்காக இல்லை, வெயில் காலத்திலும் கழற்றக் கூடாது. ஊரில் இடுகாட்டுக்குள் நுழையும்போது தலைத்துண்டை உருவித் தோளில் போட்டுப் பழகியவன் நான். இங்கே, நான் வேலை பார்க்கும் யூதர்களின் பழைய இடுகாட்டில், ஆண்பிள்ளை தலையை மூடாமல் உள்ளே கால் வைத்தால் மரியாதைக் குறைவு. முதல் ஒரு வாரம் வாசலுக்கு வந்ததும் கை தானாகப் போய்த் தொப்பியைக் கழற்றிவிடும். ஞாபகம் வந்து மாட்டுவேன். இரண்டடி நடந்ததும் மறுபடி கழற்றுவேன். எதிரே பல்கலைக்கழக மாணவர் விடுதி. ஜன்னலோரம் காப்பி குடிக்கிற பிள்ளைகள், இந்தக் கறுப்பு மனிதர் யாருக்கோ ஜாடை காட்டுகிறார் என்று போலீசுக்குச் சொல்லிவிடுவார்களோ என்று எனக்குப் பயம்.

பயம் எனக்குப் புதிதில்லை. மலேசியாவில், மலாக்காவின் லூபோக் சீனா பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். இடைநிலைப் பள்ளியில் ஓராண்டுதான் ஒட்டினேன். பாடமெல்லாம் மலாயில். ஆசிரியர் கேள்வி கேட்டுவிடுவாரோ என்ற பயத்திலேயே காய்ச்சல் வரும். கடைசியில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, செம்பனைக் குலை வெட்டப் போய்விட்டேன். குலை தலையில் விழுமோ என்று அங்கே இன்னொரு பயம். பிறகு பாயா ரும்புட்டில் மரச்சாமான் தொழிற்சாலை, லோரி ஓட்டம் என்று போய்க்கொண்டிருந்தவனை இந்த ஜெர்மன் தேசத்துக்கு இழுத்து வந்தது என் மனைவி சாரதா. அவள் தாதி. அலோர் காஜாவில் யாழ்ப்பாணத்து வம்சம், அப்பா அரசாங்க ஆபீஸில் வேலை பார்த்தவர். தோட்டத்துப் பையனைக் கட்டிக்கொள்ளாதே என்று அந்த வீட்டில் ஒரு வருடம் யாரும் அவளோடு பேசவில்லை. அவள் அசையவில்லை. இந்த ஊர்ப் பல்கலைக்கழக மருத்துவமனையில் வேலை கிடைத்ததும், “நான் போறேன், நீங்க பயந்துகிட்டே பின்னாடி வாங்க” என்றாள். அப்படியே வந்தேன்.

இந்த ஊரில் என் பெயர் ஹெர் சின்னையா. என் பெயர் பெருமாள். சின்னையா என் அப்பா. நம் கடப்பிதழில், அதாவது பாஸ்போர்ட்டில், குடும்பப் பெயர் கிடையாதே, அதனால் அப்பா பெயரை எடுத்துக் குடும்பப் பெயராக்கி விட்டார்கள். அப்பா சாகும்வரை சிங்கப்பூரைக்கூடப் பார்த்ததில்லை. அவரை இங்கே பேக்கரியிலும் வங்கியிலும் தினமும் “வணக்கம் திரு சின்னையா” என்று எழுந்து நின்று கூப்பிடுகிறார்கள். முதலில் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பேன். இப்போது அப்பாவுக்குக் கிடைக்கும் மரியாதைதானே, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

எனக்கு முதலில் கிடைத்தது நகரத்துப் பெரிய இடுகாட்டில் புல்வெட்டும் வேலை. அங்கே ஓர் அதிசயம் பார்த்தேன். சில கல்லறைகளின் நெற்றியில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. நம் ஊரில் தப்பான இடத்தில் நிறுத்திய காடி கண்ணாடியில் அபராதச் சமன் ஒட்டிவிட்டுப் போவார்களே, அதே மாதிரி. என்னவென்று விசாரித்தால், இங்கே புதைகுழிக்குத் தவணை உண்டாம். இருபது இருபத்தைந்து வருடம். அதற்குப் பிறகு சொந்தக்காரர்கள் வந்து நீட்டிக்காவிட்டால் கல்லை எடுத்துவிட்டு இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். செத்த பிறகும் பர்மிட் முடிகிற ஊர்! அன்று வீட்டுக்கு வந்து என் விசா தேதியை எடுத்துப் பார்த்தேன். சாரதா சிரித்துக்கொண்டே, “செத்தவங்களுக்கே இருபது வருஷம் தர்றாங்க, உங்களுக்கு மூணு வருஷம் தந்திருக்காங்க. உயிரோட இருக்கிறதால குறைச்சிட்டாங்க போல” என்றாள்.

அங்கிருந்து யூதர் இடுகாட்டுக்கு மாற்றினார்கள். அங்கே வேலை சொல்லிக் கொடுத்தவர் நகர ஆவணக் காப்பகத்தில் இருக்கும் ஹெல்விக் அம்மா. என்னைவிட இரண்டு வயது சின்னவர். மழை, பனி எதுவானாலும் சைக்கிளில்தான் வருவார். முகத்தைப் பார்த்தால் நாம் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்றே தோன்றும். முதல் நாளே ஒரு தாளில் விதிகளை எழுதிக் கையெழுத்து வாங்கினார். கல்லைத் தொடக் கூடாது. கழுவக் கூடாது. ஐவிக் கொடியைப் பிடுங்கக் கூடாது. பூச்செடி நடக் கூடாது. கல்லின்மேல் கூழாங்கல் இருந்தால் எடுக்கக் கூடாது, அது வந்தவர்கள் வைத்துவிட்டுப் போனது. சனிக்கிழமை கதவைத் திறக்கவே கூடாது. இத்தனையும் கூடாதென்றால் நான் என்னதான் செய்வது என்று கேட்டேன். “பாதையைப் பெருக்குங்கள், விழுந்த கிளையை எடுங்கள், மற்றபடி இவர்களை நிம்மதியாக விடுங்கள். இவர்களுக்குத் தவணை கிடையாது” என்றார். யூதர்கள் ஒருவரை ஒரு தடவை புதைத்தால் அந்த இடம் உலகம் உள்ளவரை அவருக்குத்தானாம்.

அந்த இடத்தின் கதையை அவர் ஒரேயடியாகச் சொல்லவில்லை. வரும்போதெல்லாம் சைக்கிளைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு துண்டு துண்டாகச் சொன்னார். எனக்குப் பாதி புரியும். புரியாத பாதியை வீட்டில் அகராதியில் தேடுவேன். அந்தக் காலத்தில் ஊர் மதிலுக்குள் யூதரைப் புதைக்க விடவில்லை. தூக்குமரம் நின்ற கல்லுச் சரிவில் ஓர் இடத்தைக் காட்டி இங்கே புதைத்துக்கொள் என்றார்களாம். பிறகு ஊர் பெருத்து, மதில் போய், தூக்குமரமும் போய், இப்போது ஒரு பக்கம் மாணவர் விடுதி, மறுபக்கம் சூப்பர்மார்க்கெட்டின் கார் நிறுத்துமிடம். நடுவில் இந்தப் பச்சைச் சதுரம் மட்டும் அப்படியே இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் யூதப் பிள்ளைகள் மருத்துவம் படிக்கலாம், ஆனால் பேராசிரியர் நாற்காலி வேண்டுமென்றால் ஞானஸ்நானம் வாங்க வேண்டும் என்று இருந்த காலமும் உண்டாம். அப்படி வாங்க மறுத்த ஒரு டாக்டரின் கல் மூன்றாம் வரிசையில் இருக்கிறது. படிக்க வந்த மற்றப் பிள்ளைகள் குடித்துவிட்டு வந்து கற்களைத் தள்ளிவிட்டுப் பந்தயம் கட்டியதும் உண்டாம்.

ஹிட்லர் காலம் வந்ததும் பந்தயம் நிஜமாகிவிட்டது. நல்ல கற்களாகப் பார்த்துப் பெயர்த்துக்கொண்டு போய்ப் படிக்கட்டாகவும் மதிலாகவும் கட்டினார்கள். ஆட்களை ரயிலில் ஏற்றினார்கள். போர் முடிந்ததும் தேடிக் கிடைத்த கற்களைக் கொண்டுவந்து, யாருடையது எந்த இடம் என்று தெரியாமல் உத்தேசமாக நட்டு வைத்திருக்கிறார்கள். “இங்கே பெயர் ஓரிடத்தில், ஆள் ஓரிடத்தில்” என்று ஹெல்விக் அம்மா சொன்னபோது எனக்கு எங்கள் தோட்டத்து இடுகாடு நினைவுக்கு வந்தது. அங்கே கல்லே கிடையாது. மேட்டில் ஒரு குச்சி, குச்சியில் ஒரு துணி. தீபாவளிக்கு முந்தின வாரம் எல்லோரும் மண்வெட்டியோடு போய், இது உங்க தாத்தாவா எங்க சித்தப்பாவா என்று சண்டை போட்டுக்கொண்டே ஆளுக்கொரு மேட்டைச் சுத்தம் செய்து படைத்துவிட்டு வருவோம். பத்து வருடம் வேறு யாருக்கோ கோழிக்கறி படைத்த குடும்பங்கள்கூட உண்டு. யாரும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். காலை ஒன்பதுக்குக் கதவைத் திறந்து உள்ளே போய் உள்பக்கமாகப் பூட்டிக்கொள்ள வேண்டும். அது பாதுகாப்பு விதி. நாலு மணிவரை நானும் முந்நூறு நானூறு கல்லும் மட்டும்தான். பகல் வெளிச்சத்தில் என்ன பயம் என்று கேட்பீர்கள். என்னைத் தெரியாதவர்கள் கேட்கிற கேள்வி அது. ஒரு காகம் கத்தினால் எனக்கு முதுகு சில்லிடும். இரண்டாம் வாரம் வாசலோரம் கைகழுவும் தொட்டி பக்கம் பெருக்கிக்கொண்டிருந்தேன். யூதர்களும் நம்மைப் போலத்தான், இடுகாட்டை விட்டுப் போகும்போது தண்ணீர் தொட்டுவிட்டுத்தான் போவார்கள். அதற்கு வாசலிலேயே ஒரு தொட்டி, இரண்டு கைப்பிடி வைத்த ஒரு குவளை. அதைப் பார்த்ததிலிருந்தே இந்த மனிதர்கள்மேல் எனக்கு ஒரு நம்பிக்கை. அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில், மதிலோரமாக ஐவிக் கொடி மூடிய ஒரு சின்ன மேடு. விளக்குமாறு பட்டுக் கொடி விலகியது. விலகிய இடத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு சிமெண்ட்டுக் கல். செதுக்கிய கல் இல்லை, அச்சில் ஊற்றியது. மேலே ஏதோ கீறல்கள். கீழே, அச்சு அசலாக, ஒரு சூலம்.

கையிலிருந்த விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். தோட்டத்தில் பிறந்தவன் எவனுக்கும் இதை விளக்க வேண்டாம். இடுகாட்டு வாசலில், எல்லையில், முழங்கால் உயரக் கல்லில் ஒரு சூலம் இருந்தால் அது யார்? முனியாண்டி. எங்கள் தோட்டத்தில் அவரைக் கேட்காமல் மேற்பார்வை பார்க்கும் மண்டோர்கூடப் புதுக் காட்டுக்கு ஆள் அனுப்பமாட்டார். ஹெல்விக் அம்மாவிடம் இருந்த வரைபடத்தை எட்டிப் பார்த்தேன். அந்த இடத்தில் ‘எல்லைக்கல்’ என்று போட்டிருந்தது. சரிதானே, எல்லையைக் காப்பவர்தானே அவர்! யூதர்கள் நடுவே நம் ஆள் எப்படி வந்து உட்கார்ந்தார் என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை. காவல் வேலைக்கு வருகிறவர் எந்த நாட்டிலும் வருவார். நானே வரவில்லையா?

அன்றிலிருந்து விதித்தாளை மீறினேன். கொடியை ஒதுக்கினேன். சாரதா பூஜைக்கு வைத்திருந்த திருநீறிலிருந்து ஒரு சிட்டிகை பொட்டலம் கட்டிக்கொண்டு போய்த் தினமும் கல்லின் நெற்றியில் பூசினேன். பாதையோரம் மஞ்சளாகப் பூக்கும் காட்டுப்பூ இரண்டு. வெள்ளிக்கிழமை ஒரு சுருட்டு. முனியாண்டிக்குச் சுருட்டு இல்லாமல் எப்படி? புகையிலைக் கடைக்காரர், “எப்படிப்பட்டது வேண்டும், லேசானதா காரமானதா?” என்று கேட்டார். “எனக்கில்லை, காவல்காரருக்கு” என்று சொன்னேன். “காவல்காரர்கள் காரமானதுதான் விரும்புவார்கள்” என்று எடுத்துக் கொடுத்தார். ஹெல்விக் அம்மா வருகிற நாளில் மட்டும் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுக் கொடியை இழுத்து மூடி, தள்ளுவண்டியை அதன் முன்னால் நிறுத்திவிடுவேன். பயம் குறைந்தது. ஜெர்மன் பரீட்சைக்கு வேண்டிக்கொண்டேன், இரண்டு தடவை தோற்றவன் மூன்றாம் தடவை தேறினேன். சாரதா கேட்ட ஷிஃப்ட் கிடைத்தது. பத்து மாதம் இப்படியே போயிற்று. ஐரோப்பாவில் என்னளவு நிம்மதியான தோட்டக்காரன் யாருமில்லை என்று இருந்தேன்.

இந்த வசந்தத்தில், சிலி நாட்டிலிருந்து எஸ்தர் என்ற பெண்மணி வந்தார். அறுபது வயது இருக்கும், பள்ளி ஆசிரியை. அவருடைய அப்பா இந்த ஊரில் பிறந்தவர். அந்த அப்பாவுக்கு ஆறு வயதில் அவருடைய அம்மா இறந்துபோய் இங்கே புதைத்திருக்கிறார்கள். சில மாதத்தில் தகப்பனும் பிள்ளையும் கப்பல் ஏறித் தப்பிவிட்டார்கள். அந்தப் பிள்ளைக்கு இப்போது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. எழுந்து நடக்க முடியாது. சாகுமுன் அம்மாவின் கல்லை ஒரு தடவை பார்க்க வேண்டும், போய் ஃபோனிலாவது காட்டு என்று மகளை அனுப்பியிருக்கிறார். ஹெல்விக் அம்மாவின் பதிவேட்டில் ரோஸா என்ற பெயர் இருந்தது. இடம் இல்லை. பதிவு எழுதியவரே பாதியில் ஓடிப்போனதால் கடைசிச் சில பேருக்கு எண் எழுதப்படவில்லையாம்.

இரண்டு நாள் மூவரும் தேடினோம். கல்லுக்குக் கல் குனிந்து, சாய்ந்த வெளிச்சத்தில் கண்ணாடி பிடித்துப் பார்த்தோம். ஹெல்விக் அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது, அவர் பேசும் ஜெர்மன் எஸ்தருக்குத் தெரியாது. எஸ்தருக்கு ஸ்பானிஷும் ஆங்கிலமும்தான். அதனால் அவருக்கும் எனக்கும் நடுவே ஆங்கிலம். என் ஆங்கிலத்தில் நம் ஊர் வழக்கப்படி வாக்கியத்தின் வாலில் ஒரு ‘லா’ ஒட்டிக்கொள்ளும்.

“யூ டோன்ட் வொரி லா, வி ஃபைண்ட்” என்பேன்.

“ஹூ இஸ் லா?” என்று அவர் கேட்பார்.

இரண்டாம் நாள் பகல் இரண்டு மணி ஆகியும் கிடைக்கவில்லை. மூன்றரைக்கு அவருக்கு ரயில். ஹெல்விக் அம்மா கண்ணாடியை உறையில் போட்டுவிட்டு, அந்தக் கல்லையும் எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள் என்று மெதுவாகச் சொன்னார். நான் அதை ஆங்கிலத்தில் சொல்ல, எஸ்தர் தலையாட்டினார். பிறகு, எடுத்துக்கொண்டு போகும் அளவுக்கு அது நல்ல கல்லாக இருந்திருக்காதே என்றார். அந்த நாளில் கல் செதுக்குகிறவர்கள் யூதர் வீட்டு வேலைக்குப் பயந்தார்களாம். அதனால் தாத்தா சமையலறையில் ரொட்டி சுடும் தகரத்தில் சிமெண்ட் ஊற்றித் தானே செய்தாராம். ஈரம் காய்வதற்குள் ஆறு வயதுப் பிள்ளை ஸ்பூன் காம்பால் அம்மாவுக்கு ஒரு துலிப் பூ வரைந்தானாம். “இப்படி” என்று நோட்டுப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். அப்பா வரைந்து அனுப்பியது. நீளமாக ஒரு தண்டு. மேலே மூன்று முனை.

என் கண் தானாக மதிலோரத் தள்ளுவண்டிப் பக்கம் போயிற்று.

கழிவறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கருவிக் கொட்டகைக்குள் போய் சாரதாவுக்கு ஃபோன் போட்டேன். அவளிடமும் பத்து மாதமாக நான் சொல்லவில்லை. இப்போது மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். அந்தப் பக்கம் எதையோ பொத்திக்கொண்டு மூச்சு வாங்கும் சத்தம்.

“சாரதா? இருக்கியா?”

“என்னப்பா இது… ஒரு பொம்பளைக்கு பத்து மாசமா சுருட்டு வெச்சிருக்கீங்க!”

“சிரிக்காத லா! வேலை போயிடும். கையெழுத்து போட்டுக் கொடுத்திருக்கேன் தொடமாட்டேன்னு. யூதர் கல்லறையை அசிங்கம் பண்ணினா இந்த ஊர்ல போலீஸ் கேஸு. பேப்பர்ல போடுவான். விசா போச்சு. உன் வேலைக்கும் கெட்ட பேரு.”

“அந்தம்மாவுக்கு எத்தனை மணிக்கு ரயில்?”

“மூணரை.”

“அப்ப இன்னும் ஒரு மணி நேரம் நீங்க தாராளமா பயப்படலாம். பயந்துகிட்டே போய்ச் சொல்லுங்க. நீங்க பயப்படாம எதைத்தான் செஞ்சிருக்கீங்க? என்னைப் பொண்ணு கேட்டு எங்க வீட்டுக்கு வந்தப்போ சட்டைப் பொத்தானை மாத்திப் போட்டுகிட்டு வந்தீங்க. நான் சரின்னு சொல்லலையா?”

சொல்லாமல் விட்டால் எனக்கு ஒரு கெடுதலும் இல்லை. தள்ளுவண்டி அதன் முன்னால் நின்றது. அவர் ரயில் ஏறிவிடுவார். நாளைக்குக் கல்லைத் துடைத்துவிட்டு எல்லைக்கல்லாகவே இருக்க விடலாம். வெளியே வந்தபோது இருவரும் வாசலில் நின்றார்கள். எஸ்தர் பெட்டியை என் தள்ளுவண்டியில் சாய்த்துவிட்டு, குவளையில் தண்ணீர் மொண்டு கை கழுவிக்கொண்டிருந்தார். கழுவிய தண்ணீர் ஓடிப்போய் அந்தக் கல்லின் அடியில்தான் நனைத்தது. அந்தத் தண்ணீரைப் பார்த்ததும் வாய் தானாகத் திறந்துவிட்டது.

“மேடம், வெயிட். ஐ டூ ஒன் பேட் திங்.”

தள்ளுவண்டியை இழுத்தேன். கொடியை விலக்கினேன். காலையில் அவசரத்தில் சரியாகத் துடைக்கவில்லை. கீறல்களுக்குள்ளே திருநீறு படிந்து வெள்ளையாக நின்றது. மேலே இரண்டு எழுத்து, அதன் கீழே ஒரு பெயர், அதன் கீழே அந்தப் பூ. பத்து மாதம் தேய்த்துத் தேய்த்து நான்தான் பாசியைப் போக்கியிருக்கிறேன், எழுத்தையும் நிரப்பி வைத்திருக்கிறேன். நான்கு நாளைக்கு முந்தின வெள்ளிக்கிழமைச் சுருட்டு, மழையில் ஊறி, காலடியில் கிடந்தது.

ஹெல்விக் அம்மா குனிந்தார். அந்த இரண்டு எபிரேய எழுத்தைப் பார்த்தார். ‘இங்கே அடக்கம்’ என்று ஒவ்வொரு யூதர் கல்லும் அதில்தான் தொடங்குமாம். எனக்கு அதெல்லாம் கீறல். அவர் எழுந்து என்னைப் பார்த்தார். “ஹெர் சின்னையா, இருபது வருடமாக இதை நான் எல்லைக்கல் என்று எழுதி வைத்திருக்கிறேன்” என்றார். என்னைத்தான் திட்டப் போகிறார் என்று நான் தயாராக நின்றேன். அவர் திட்டிக்கொண்டது தன்னையே. எஸ்தர் ஈரத் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். விரலால் அந்தப் பூவைத் தொட்டார். பிறகு சுருட்டை எடுத்துக் காட்டி, இது என்ன என்று கேட்டார். சொன்னேன். சூலம், முனியாண்டி, காவல், பரீட்சை என்று ஒன்று விடாமல் என் ஆங்கிலத்தில் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவருக்குத் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பதறிப்போய் “சாரி, சாரி” என்றேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வர, மதிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதைப் பார்த்து ஹெல்விக் அம்மாவும் சிரித்தார். அவருக்குப் பல் இவ்வளவு அழகு என்று அன்றுதான் தெரிந்தது.

பிறகு நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் என்னைப் போன்ற ஆட்கள் படித்துவிட்டுத் தூங்கமாட்டார்கள். வேலை போகவில்லை. பக்கத்து நகரத்து யூதர் சபைக்கு ஹெல்விக் அம்மா எல்லாவற்றையும் எழுதினார். பெரியவர் ஒருவர் வந்து பார்த்தார். பொடி வேண்டாம், சுருட்டு வேண்டவே வேண்டாம், கூழாங்கல் வைக்கலாம் என்றார். போகும்போது, “அந்தக் காவல்காரர் கோபித்துக்கொள்ள மாட்டாரே?” என்று என் காதோரம் கேட்டார். நான் விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். வரைபடத்தில் எல்லைக்கல் என்பதை அடித்துவிட்டு ரோஸா என்று எழுதிவிட்டார்கள். திருநீறை இப்போது என் நெற்றியில் மட்டும் பூசிக்கொள்கிறேன். பயம் கொஞ்சம் திரும்பி வந்திருக்கிறது, ஆனால் வாசலில் காவலுக்கு யாருமில்லையே என்று இருக்கும்போது “ரோஸாம்மா, நான்தான் வந்திருக்கேன்” என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு உள்ளே போகிறேன். தெரிந்தவர் ஒருவராவது இருக்கிறாரே.

அன்று எஸ்தர் ரயிலை விட்டுவிட்டார். அப்பாவுக்கு ஃபோன் போட்டார். ஹெல்விக் அம்மா காப்பகத்துக்குச் செய்தி சொல்ல வெளியே போயிருந்தார். திரையில் ஒரு முகம் வந்தது, காது மட்டும் பெரிதாக. மகள் ஸ்பானிஷில் ஏதோ சொல்லிக் கல்லைக் காட்டினார். அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு ஜெர்மனில் ஒரு வார்த்தை சொன்னார். எஸ்தர் என்னைப் பார்த்தார். அப்பா ஜெர்மன் பேசி இத்தனை வருடத்தில் அவர் கேட்டதே இல்லையாம். அதனால் எஸ்தருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. “துல்பெ” என்றார் அவர், துலிப்பைத்தான். “ஆமாம், துல்பெ” என்றேன் நான்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து ஜெர்மனில் யாரோடும் நான் நிம்மதியாகப் பேசியதில்லை. அவர்கள் நீட்டி முழக்குவார்கள், வினைச்சொல்லைக் கடைசியில் கொண்டுபோய் வைப்பார்கள், அது வருவதற்குள் எனக்கு முதல் வார்த்தை மறந்துவிடும். இந்தப் பெரியவர் ஆறு வயதில் கப்பல் ஏறியவர். அவருடைய ஜெர்மனுக்கு இன்னும் ஆறு வயதுதான். சின்னச் சின்ன வாக்கியம். எல்லோருக்கும் ‘நீ’. என்னுடையதும் அதே வகுப்பு! வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் ஆள் பேசிய ஜெர்மன் முழுவதும், ஒரு சொல் சிந்தாமல் எனக்குப் புரிந்தது.

“நீ யாரு?” என்று கேட்டார்.

“நான் பெருமாள். தோட்டக்காரன்.”

“நான் ஸ்பூனால வரைஞ்சேன். அப்பா கோபமா பார்த்தார். அப்புறம் ஒண்ணும் சொல்லல.”

“நல்லா வரைஞ்சிருக்க.”

“அங்க மழையா?”

“இல்ல. வெயில். கொஞ்சம் குளிர்.”

எஸ்தர் குறுக்கே புகுந்து ஸ்பானிஷில் சுருட்டுக் கதையைச் சொல்லிவிட்டார். பெரியவர் சிரித்த சிரிப்பில் திரைக்கு அந்தப் பக்கம் ஒரு தாதி ஓடி வந்து எட்டிப் பார்த்தாள். “அம்மா சுருட்டுப் பிடிக்கமாட்டாங்க” என்றார் அவர், மூச்சு வாங்க. “அப்பாதான் பிடிப்பார். அம்மாவுக்குத் தெரியாம.” பிறகு என்னை உற்றுப் பார்த்தார். “உன் வீடு எங்க?”

“தூரம். மலேசியா.”

“கப்பல்லயா வந்த?”

“விமானம்.”

“பயமா இருந்துச்சா?”

“ரொம்ப.”

“எனக்கும்” என்றார். கல்லைக் காட்டச் சொன்னார். எஸ்தரின் கையோடு ஃபோனைத் திருப்பினேன். “நீ அங்கயேவா இருப்ப?” என்றார்.

“இல்ல. நாலு மணிக்குப் பூட்டிட்டு வீட்டுக்குப் போயிடுவேன்.”

“நானும்” என்றார், வெகு சாதாரணமாக.

எஸ்தர் என் தோளைத் தொட்டு, அப்பா என்ன சொன்னார் என்று கேட்டார். அவரும் வீட்டுக்குப் போகிறாராம் என்று சொல்ல, ஹோம் என்ற சொல் வரைக்கும் என் ஆங்கிலத்தில் வந்துவிட்டேன். எந்த ஹோம், இங்கேயா சிலியிலா என்று கேட்டார் எஸ்தர். பெரியவர் திரையில் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். எஸ்தரின் கையில் இருந்த ஃபோன் கண்ணாடியில் இந்த ஊரின் மரங்கள் தெரிந்தன, மரங்களுக்குப் பின்னால் சிலி நாட்டு ஜன்னல் ஒன்று, இரண்டுக்கும் நடுவே என் முகம்.